மலாயா மண் – 19: முப்பது விழுக்காடு

1969 மே 13 மாலை கோலாலம்பூரில் மூண்ட கலவரத்துக்குப் பிறகு மலேசிய நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவே இல்லை. ஏறத்தாழ 21 மாதம். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 196 பேர். அந்தக் கணக்கை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. துங்கு அப்துல் ரஹ்மான் பெயரளவில் பிரதமராக இருக்க, ஆட்சி முழுவதும் தேசிய நடவடிக்கை மன்றத்தின் தலைவர் துன் அப்துல் ரசாக்கின் கைக்குப் போனதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியும் அவருக்கே வந்தது.

அந்த 21 மாதத்தில் அரசு அலுவலகங்களுக்குள் ஒரு தகராறு நடந்தது. ஒரு பக்கம் பொருளாதாரத் திட்டப் பிரிவு. வளர்ச்சி வேகமாக இருந்தால் வறுமை தானாகக் குறையும், முதலாளிகளைச் சீண்டினால் முதலீடு ஓடிவிடும் என்பது அவர்கள் கட்சி. எதிர்ப்பக்கம் கலவரத்துக்குப் பின் உருவான தேசிய ஒற்றுமைத் துறை. கசாலி ஷாஃபி அதை நடத்தினார். நார்வே நாட்டுப் பொருளாதார அறிஞர் யுஸ்ட் ஃபாலண்ட் அவர்களுக்குத் துணை நின்றார். சுதந்திரம் வாங்கி 12 ஆண்டாக நாடு வளர்ந்துதானே வந்தது, பிறகு ஏன் தெருவில் ரத்தம் ஓடியது என்று இவர்கள் கேட்டார்கள். யார் எந்த வேலை செய்கிறார், எந்தச் சொத்து யாருடையது என்பதை அரசே தலையிட்டு மாற்றாவிட்டால் இன்னொரு மே 13 வரும் என்பது இவர்கள் வாதம். கடைசியில் பெருமளவு இவர்கள் சொன்னதே எடுபட்டது.

இரு தரப்பாரும் பார்த்த நிலவரம் ஒன்றுதான். 1970இல் தீபகற்ப மலேசியாவில் 100 குடும்பங்களில் 49 வறுமையில் இருந்தன. இனவாரியாகப் பிரித்தால் மலாய்க் குடும்பங்களில் 65, இந்தியக் குடும்பங்களில் 39, சீனக் குடும்பங்களில் 26. சராசரி மாத வருமானம் மலாய்க் குடும்பத்துக்குச் சுமார் 172 மலேசிய வெள்ளி, இந்தியக் குடும்பத்துக்கு 304, சீனக் குடும்பத்துக்கு 394. கம்பெனிப் பங்குகளில் மலாய்க்காரர்களிடமும் அவர்களுக்கான அரசு அமைப்புகளிடமும் சேர்த்து இருந்தது 2.4 விழுக்காடு. சீனர்களிடம் 27. இந்தியர்களிடம் 1.1. மிச்சத்தில் பெரும்பகுதி, அதாவது 63 விழுக்காட்டுக்கு மேல், வெளிநாட்டாரிடம். அதில் பெரும்பாலானது பிரிட்டிஷ் கம்பெனிகளுடையது. மே 13இல் எரிந்தவை சீனர்களின் கடைகள். நாட்டின் பெரிய முதலாளி லண்டனில் பத்திரமாக இருந்தார்.

அந்த 304 வெள்ளியைப் படிக்கும்போது தமிழ் வாசகர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கோலாலம்பூர் வழக்கறிஞர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் நிலஅளவைத் துறையிலும் அமர்ந்தவர்களின் பிள்ளைகள், ஈப்போ டாக்டர், நெகிரி செம்பிலான் தோட்டத்தில் விடிகாலை பால் வெட்டப் போகும் முனியம்மா எல்லாரையும் ஒன்றாகப் போட்டு வகுத்த எண் அது. இந்தியர் என்ற ஒரே கட்டத்துக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு எந்த இனத்தின் கட்டத்துக்கும் இளைத்ததல்ல. இந்தச் சராசரிதான் அடுத்த 20 ஆண்டு தோட்டத் தமிழர்களைத் துரத்தியது.

மலாய்க்காரர் பின்தங்கிய கதைக்கு வருவோம். சோம்பேறிகள் என்று காலனி அதிகாரிகள் கட்டிவிட்ட கதையை நம்மூர்ப் பயணக் கட்டுரைகள் சிலவற்றிலும் படித்திருக்கிறேன். உண்மை வேறு. 1913இல் வெள்ளை அரசு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்க முடியாது. பாதுகாப்புத்தான். ஆனால் வாங்கத் தகுதியுள்ளவரே குறைவு என்றால் அந்த நிலத்துக்கு விலை ஏது, அதை ஈடாக வைத்து யார் கடன் கொடுப்பார்? 1917இல் வந்த நெல் நிலச் சட்டம் நெல் வயலில் வேறு பயிர் வைக்கத் தடை போட்டது. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மலாய்க் குடியானவனும் நாலு பால்மரம் நடத் தொடங்கியிருந்தான். அவன் நெல்லே விளைவிக்கட்டும், தோட்டக் கூலிகளுக்கும் சுரங்கக் கூலிகளுக்கும் அரிசி வேண்டும் என்று துரைமார் நினைத்தார்கள். 1922இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டத்திலும் சிறு தோட்டக்காரர்களுக்குக் கிடைத்த அளவு குறைவு, பெருந்தோட்டங்களுக்குக் கிடைத்தது தாராளம். மலாய்ப் பள்ளிகளோ, தகப்பனைவிடச் சற்று நல்ல விவசாயியாகவும் மீனவனாகவும் பையனை ஆக்கினால் போதும் என்ற கொள்கையில் நடந்தன. ஆகவே கம்பம் எனப்படும் கிராமத்தில் மலாய்க்காரர், ஈயச் சுரங்கத்திலும் கடைத்தெருவிலும் சீனர், ரப்பர் தோட்டத்து லயத்தில் தமிழர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களை இத்தொடரின் ஆரம்ப அத்தியாயங்களிலேயே சந்தித்துவிட்டதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

1957இல் சுதந்திரம் வந்தபோது இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு பேரம் எழுந்தது. சீனருக்கும் இந்தியருக்கும் குடியுரிமை; மலாய்க்காரருக்கு அரசு வேலை, கல்வி உதவித்தொகை, தொழில் உரிமம் ஆகியவற்றில் தனி இடம். அரசமைப்பின் 153ஆவது பிரிவு இந்தத் தனி இடத்தைச் சொல்கிறது. அந்த அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் இருந்தார், இலங்கையின் சோல்பரி அரசமைப்பு உருவாக உதவிய ஐவர் ஜென்னிங்ஸ் இருந்தார். இந்தத் தனி இடத்தை 15 ஆண்டு கழித்து நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்யட்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். மலாய்க் கட்சியான அம்னோவின் எதிர்ப்பால் அந்த வரி நீக்கப்பட்டது. காலக்கெடு இல்லாத 153தான் சட்டமாயிற்று. இந்தப் பிரிவு இல்லாமல் மலேசிய அரசியலில் ஒரு நாள் கழிவதில்லை என்பதால் வாசகர்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டத்தில் இடம் கிடைத்தாலும் பணத்தில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 1956இல் தொடங்கிய ஃபெல்டா காட்டை வெட்டி நிலமற்றவர்களைக் குடியேற்றியது. கிராமத் தொழில்களுக்கான பழைய ரீடா அமைப்பு 1966இல் மாரா என்று பெயர் மாறியது. 1965இல் நடந்த பூமிபுத்ரா (மண்ணின் மைந்தர்) பொருளாதார மாநாடு வங்கி கேட்டது. பூமிபுத்ரா வங்கி பிறந்தது. உரிமம் மட்டும் மலாய்க்காரர் பெயரில் இருக்கும், கடையோ லாரியோ சீனரால் நடக்கும் 'அலி–பாபா' வியாபாரம் அப்போதே பழக்கமாகியிருந்தது. அலி கையெழுத்துப் போடுவார், பாபா கல்லாவில் உட்காருவார். அரசின் சலுகை மலாய் சமூகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு இந்த நகைச்சுவைப் பெயரே அந்நாளில் பதிலாகச் சொல்லப்பட்டது.

அம்னோவிலிருந்து 1969இல் வெளியேற்றப்பட்ட ஒரு டாக்டர் அடுத்த ஆண்டு புத்தகம் எழுதினார். மலாய்க்காரர்களின் தடுமாற்றத்தைப் பற்றிய அந்த நூலை அரசு தடை செய்தது. எழுதிய மகாதீர் முகமது 1981இல் பிரதமரானதும் தடை நீங்கியது. அவர் கட்சியில் இல்லாத நாட்களில்தான் அவருடைய எண்ணங்கள் அரசின் கொள்கையாகிக்கொண்டிருந்தன.

1971இல் இரண்டாவது மலேசியத் திட்டத்தோடு புதிய பொருளாதாரக் கொள்கை வெளியானது. அதற்கு இரண்டு முனை. முதல் முனை, எந்த இனமென்று பாராமல் வறுமையை ஒழிப்பது. இரண்டாம் முனை, இன்ன இனம் என்றால் இன்ன தொழில் என்றிருந்த அமைப்பைக் கலைத்து மாற்றுவது. எண்ணிக்கை வைத்த இலக்கும் உண்டு: 20 ஆண்டில், 1990க்குள், கம்பெனிச் சொத்தில் 30 விழுக்காடு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களிடம், 40 மற்ற மலேசியர்களிடம், 30 வெளிநாட்டாரிடம். யார் பானையிலிருந்தும் எடுத்து அடுத்தவர் இலையில் போடப்போவதில்லை, பானையே பெரிதாகும், கூடுதலாக வேகும் சோற்றில்தான் பங்கு என்று அரசு உறுதி சொன்னது. அதே 1971இல் அரசமைப்பும் திருத்தப்பட்டது. 153ஆவது பிரிவையோ குடியுரிமையையோ பொது மேடையில் கேள்வி கேட்பது குற்றம். நாடாளுமன்றத்துக்குள் பேசினாலும் உறுப்பினருக்குப் பாதுகாப்பு இல்லை.

அந்த இலக்கில் 'மற்ற மலேசியர்' என்று ஒரே வார்த்தை இருப்பதைக் கவனியுங்கள். 27 வைத்திருந்தவரும் 1.1 வைத்திருந்தவரும் அதற்குள்ளேயே அடக்கம். இந்தியருக்கென்று தனி இலக்கு எதுவும் எழுதப்படவில்லை. என் பார்வையில் மலேசியத் தமிழர்களின் அடுத்த அரை நூற்றாண்டு அந்தத் திட்ட ஏட்டின் இந்த ஒற்றை வகைப்பாட்டில் சிக்கிக்கொண்டது.

கொள்கை காகிதத்தில் தூங்கவில்லை. பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடு வந்தது. 1970இல் நாட்டின் டாக்டர்களில் 100க்கு 4 பேர்கூட மலாய்க்காரர் இல்லை என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அவசரம் புரியும். மலாய் மொழியில் நடக்கும் கெபாங்சான் பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கியது. மாராவின் உறைவிட அறிவியல் கல்லூரிகள் 1972 முதல் கிராமத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தன. ஆயிரக்கணக்கானோர் அரசுச் செலவில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். மீனவர் மகள் என்ஜினீயராகத் திரும்பி வந்தாள். இதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே ஆண்டுகளில் நல்ல மதிப்பெண்ணோடு இடம் கிடைக்காமல் போன இந்தியப் பிள்ளைகளின் பெற்றோர், வசதி இருந்தால், மணிப்பாலுக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். மலேசியாவில் இன்று வயதான இந்திய டாக்டர்கள் பலரின் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வசதி இல்லாதவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றார்கள்.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. அமெரிக்க, ஜப்பானிய மின்னணுக் கம்பெனிகள் வந்தன. கம்பத்திலிருந்து 18, 20 வயது மலாய்ப் பெண்கள் பஸ் ஏறி வந்து நுண்ணோக்கியைப் பார்த்துச் சில்லுகளுக்குக் கம்பி கட்டினார்கள். மலாய் வறுமை குறைந்ததில் இந்தப் பெண்களின் சம்பளக் கவருக்கு இருந்த அளவு பங்கு கோலாலம்பூரின் பங்குப் பத்திரங்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றிய சண்டைகளில் மட்டும் அவர்கள் பேரே அடிபடுவதில்லை.

1975இல் வந்த தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் சீன முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொழிற்சாலை நடத்த உரிமம் வேண்டும். உரிமத்துக்கு மலாய்ப் பங்குதாரரும் மலாய்த் தொழிலாளர்களும் வேண்டும். சிலர் தொழிலைச் சிறியதாகவே வைத்துக்கொண்டார்கள், சிலர் பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். மலேசிய சீனர் சங்கம் (ம.சீ.ச.) என்ற கட்சி அதே ஆண்டு மல்டி பர்ப்பஸ் ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனியைத் தொடங்கி, சாதாரணச் சீனரின் சேமிப்பைத் திரட்டிப் பெரிய வியாபாரத்தில் இறங்கியது.

மலாய்க்காரரின் 30 விழுக்காட்டை யார் வாங்குவது? கையில் பணமில்லாதவர் பங்கு வாங்க முடியாது, கொடுத்தாலும் விற்றுவிடுவார். ஆகவே அவர்கள் பெயரில் அரசே வாங்குவது என்று முடிவாயிற்று. முதலில் பெர்னாஸ் என்ற அரசு நிறுவனம். 1978இல் பெர்மோடாலான் நாசியோனல் பெர்ஹாட், சுருக்கமாகப் பி.என்.பி. 1981இல் அதன் அமானா சஹாம் முதலீட்டு நிதியின் யூனிட்டுகள் மலாய்ப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது.

பிரிட்டிஷ்காரர்களின் கத்ரி கம்பெனி 1821இல் சிங்கப்பூரில் தொடங்கியது. மலாயாவில் அதற்கு இருந்த தோட்டங்கள் சுமார் 2 லட்சம் ஏக்கர். பி.என்.பி. ஏற்கெனவே அதில் கணிசமான பங்கு வைத்திருந்தது. அதைக் கேட்காமலே கத்ரி தன் வியாபாரப் பிரிவை மல்டி பர்ப்பஸுக்கு விற்றுவிட்டது. மலாய்ச் சொத்தாக வேண்டியது சீனர் கைக்குப் போகிறது என்ற கோபம் கோலாலம்பூரில் எழுந்தது. பி.என்.பி.யின் தலைவர் இஸ்மாயில் அலி மத்திய வங்கியின் ஆளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்கார வங்கியாளர்களின் பாஷை அவருக்குப் புரியும். காலையில் சந்தை திறந்ததும் அவருடைய தரகர்கள் பெரிய பங்குதாரர்களை ஒவ்வொருவராக அழைத்து நல்ல விலை சொன்னார்கள். நான்கு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கை மாறிவிட்டது. 160 ஆண்டுக் கம்பெனி மதியச் சாப்பாட்டுக்கு முன் மலேசியாவுடையதாயிற்று. தேசியமயமாக்கலும் இல்லை, பறிமுதலும் இல்லை; லண்டன் விதிகளின்படி லண்டனிலேயே, காசு கொடுத்து.

லண்டன் கொதித்தது. பங்குச் சந்தை அவசரமாகக் கையகப்படுத்தும் விதிகளைக் கடுமையாக்கியது. தோற்றபின் ஆட்ட விதியை மாற்றுகிறார்கள் என்று மகாதீருக்குக் கோபம். பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று அரசுத் துறைகளுக்குச் சொல்லிவிட்டார். மலேசியர் பலருக்கும், தமிழர் உட்பட, அது பெருமையான நாளாகத்தான் இருந்தது. நம் பாட்டன்மாரைக் கப்பலில் ஏற்றி வந்தவனை அவன் ஊரிலேயே போய் மடக்கியதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

மறுநாள் விடிகாலை கத்ரி தோட்டங்களில் பெரட்டு வழக்கம்போல நடந்திருக்கும். மண்டோர் பெயர் கூப்பிட்டிருப்பார், கிராணி ஏட்டில் குறித்திருப்பார். சொந்தக்காரர் மாறியதால் நாள் கூலி மாதச் சம்பளமாகவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும் என்ற விதியும் மாறவில்லை. மலாயா ரப்பர் தோட்டங்களின் லாபத்துக்காகத் தலைமுறைகளாக வியர்வை சிந்தியவருக்கு, அந்தத் தோட்டம் நாட்டுடைமை போல ஆன நாளில், ஒரு பங்குகூட இல்லை. அவர் 'மற்ற மலேசியர்'. அமானா சஹாம் யூனிட் வாங்க அவருக்குத் தகுதியும் கிடையாது.

முதல் முனையாவது அவரைத் தொட்டதா? இனம் பாராத வறுமை ஒழிப்பு என்றால் தோட்டம் அதன் நடுவில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இங்கே ஒரு நிர்வாகச் சிக்கல் குறுக்கே நின்றது. தோட்டம் தனியார் நிலம். கிராம வளர்ச்சித் திட்டத்தின் தண்ணீர்க் குழாய், மின்சாரம், சாலை எல்லாம் கம்பத்துக்குப் போகும். தோட்ட எல்லையில் நின்றுவிடும். அதை முதலாளிதான் செய்துகொடுக்க வேண்டும் என்பது அரசின் நிலை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கும் அதே கதி: நிலம் கம்பெனியுடையது என்பதால் முழு உதவி கிடையாது, பகுதி உதவிதான். ஃபெல்டா 1990 வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்தில் இருந்ததால் குடியேறுபவரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களின் விருப்பம் நடந்தது. ரப்பர், செம்பனை என்று அந்த வேலையைத் தலைமுறையாக அறிந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வரிசையில் அபூர்வம்.

அதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. 1968இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. மலாயாவிலேயே பிறந்தும் பிறப்புச் சான்று இல்லாமல், மனு எழுதத் தெரியாமல், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைக்குப் பதில் சிவப்பு அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். பல்லாயிரம் பேர் வேலை இழந்து, பார்த்தே இராத தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் கப்பலேறினார்கள். ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எடுத்த கணக்கில் இவர்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கணக்கெடுக்கும் முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

தமிழர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய ஐம்பதுகளின் இறுதியில், மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவரும் சுங்கை சிப்புட்காரருமான வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் 10 வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அடுத்த ஆண்டே கெடாவில் முதல் தோட்டத்தை வாங்கியது. கொள்கை வருவதற்கு 10 ஆண்டு முன்னதாக, அரசின் முதலீட்டுக் கம்பெனி எதுவும் இல்லாமல், நாள் கூலிக்காரர்களின் பணத்தில் நடந்த சொத்து மாற்றம் அது. 1971இல் திட்டம் எழுதியவர்கள் இந்த வழியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டத்திலும் வேலை செய்பவருக்கே பங்கு கொடுத்திருக்கலாம். மலாய்க்காரரின் இலக்குக்கு அதனால் ஒரு குறையும் வந்திராது. லண்டனிலிருந்து வாங்க வேண்டியது நிறையவே இருந்தது. சம்பந்தன் மந்திரிசபையில் இருந்தும் அது நடக்கவில்லை. அதற்காகக் கட்சி எவ்வளவு மல்லுக்கட்டியது என்ற கேள்விக்கு ம.இ.கா.வின் வரலாறு உற்சாகமான பதில் தருவதில்லை.

பிறகு எண்பதுகள். ம.இ.கா.வின் தலைவர் ச. சாமிவேலு, மல்டி பர்ப்பஸைப் பார்த்தோ என்னவோ, இந்தியருக்கும் ஒரு முதலீட்டுக் கம்பெனி வேண்டும் என்றார். 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் பதிவானது. சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்தும் சேமநிதியை எடுத்தும் போட்டதாகத் தோட்டப்புறங்களில் இன்றும் பேசிக்கொள்வார்கள். ஒரு சமூகமே தன் 1.1ஐ உயர்த்தப் புறப்பட்டது போல இருந்தது அந்த நாட்களில்.

அதே எண்பதுகளில் காலடி மண்ணும் நழுவத் தொடங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஏக்கருக்குத் தேவையான கைகள் குறைந்தன. குத்தகைக்காரர்கள் வழியாக இந்தோனேசியத் தொழிலாளர்கள் வந்தார்கள். நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனையாயின, கோல்ஃப் மைதானமாயின. லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளில் போய் ஒண்டின.

பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் கிளை நிறுவனத்தின் ஊழலைச் சொல்லாமல் போனால் எண்பதுகளின் சித்திரம் முழுமையாகாது. கேரியன் என்ற கம்பெனிக்குக் கொடுத்த கடன் வாரா கடனாகி 200 கோடி வெள்ளிக்கு மேல் போயிற்று. கணக்கை ஆராய அனுப்பப்பட்ட வங்கி அதிகாரி ஜலீல் இப்ராகிம் 1983 ஜூலையில் ஹாங்காங்கில் கொலையுண்டு கிடந்தார். பெட்ரோனாசின் எண்ணெய்ப் பணம் வங்கியைக் காப்பாற்றியது. ஏழை மலாய்க்காரர் பெயரில் திரட்டிய முதலை யார் யார் கையாண்டார்கள் என்று மலாய்க்காரர்களே உரக்கக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

1990இல் கெடு முடிந்து கணக்குப் பார்த்தார்கள். பூமிபுத்ரா பங்கு 2.4இலிருந்து 19.3. இலக்கைத் தொடவில்லை, ஆனால் 20 ஆண்டில் 8 மடங்கு. டாக்டர், என்ஜினீயர் போன்ற பதிவு பெற்ற தொழில்களில் அவர்கள் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து 29. மலாய் வறுமை 65இலிருந்து 24க்குள் வந்தது. உலகில் இன ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கிளம்பிய அரசுகளில் இவ்வளவு வேகமாகச் சாதித்தவை அதிகமில்லை. பலர் பயந்தபடி சீனர்கள் நொடித்தும் போகவில்லை. அவர்கள் பங்கு 27இலிருந்து 45க்கு உயர்ந்தது. பானை பெரிதாகும் என்ற வாக்கு அவர்கள் விஷயத்தில் பலித்தது. இறங்கியவர் வெளிநாட்டார், 63இலிருந்து 25க்கு.

இந்தியர் பங்கு 1.0.

இந்திய வறுமையோ 39இலிருந்து 8க்கு இறங்கியதாக அதே கணக்கு சொன்னது. பொய் என்று தள்ள முடியாது. பட்டினி குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஆண்டின் வறுமைக் கோடு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் சுமார் 370 வெள்ளி. புருஷனும் பெண்டாட்டியும் இருட்டோடு எழுந்து வெட்டுக்குப் போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். தாண்டியபின் அவர்கள் ஏழைகள் இல்லை, உதவிக்கு உரியவர்களும் இல்லை. சொந்த வீடு உண்டா, மகன் ஆறாம் வகுப்புக்கு மேல் படித்தானா என்பதை அந்தக் கோடு கேட்பதில்லை.

1991இல் புதிய பொருளாதாரக் கொள்கையின் இடத்துக்குத் தேசிய வளர்ச்சிக் கொள்கை வந்தது. 30 விழுக்காடு இலக்கு அப்படியே தொடர்ந்தது. எந்த ஆண்டுக்குள் என்பது மட்டும் விடுபட்டது.

இதற்கிடையே 1990இல் டெலிகாம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது, இந்திய சமூகத்துக்கென்று நிதியமைச்சு 1 கோடி பங்குகளை ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம். மீதி 90 லட்சம் மூன்று கம்பெனிகளுக்குப் போனது. இது 1992இல் வெளியே தெரிந்தபோது 66,000 பங்குதாரர்களின் வீடுகளில் என்ன பேச்சு நடந்தது, ம.இ.கா. என்ன விளக்கம் சொன்னது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)